குளிரில் முகர்ந்து பார்த்த சென்ட்

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் கொடைக்கானலில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். சீசன் முடிந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏல சைட் ஒன்றில் வெளிநாட்டு சென்ட் விற்க ஆரம்பித்தேன். கடை விலையில் பாதிதான் என்னிடம். எப்படி முடிகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். பெரிய கடைகளில் கையில் அடித்துக் காட்ட வைத்திருக்கும் டெஸ்டர் பாட்டில், மூடியில்லாமல், வெறும் வெள்ளை அட்டைப்பெட்டியில் மலிவாக வரும். துபாயிலிருந்து லீவில் வருகிறவர்கள் பெட்டிக்குள் நாலைந்து போட்டுக் கொண்டுவருவார்கள். பரிசு செட்டைப் பிரித்து விற்கிறவர்களும் உண்டு. ஒவ்வொரு பாட்டிலையும் நானே முகர்ந்து பார்த்துத்தான் அனுப்புகிறேன் என்று சைட்டில் எழுதியிருந்தேன். என் மூக்கின் மேல் எனக்கு அவ்வளவு திமிர்.

அந்த வருடம் ஆர்டர் கூடி, சரக்கு போதவில்லை. அப்போது மதுரைக்காரர் ஒருவர் போனில் கிடைத்தார். எந்த வகை கேட்டாலும் இருக்கிறது என்றார், எத்தனை கேட்டாலும் இருக்கிறது என்றார். டெஸ்டர் அப்படிக் குவிந்து கிடக்கிற பொருளே இல்லை. அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நானே மதுரைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றால் மட்டும் அவர் சம்மதிக்க மாட்டார்.

"நீங்க எதுக்குண்ணே கீழ எறங்கி அலையணும்? நான் வெள்ளனே பெருமாள்மலைக்கு வந்துர்றேன். அங்கன வச்சே மோந்து பாத்து எடுத்துக்கங்க."

கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே இருக்கிற பெருமாள்மலைக்கு அப்படியே வந்தார். விரல் விறைக்கிற மூடுபனியில் டீக்கடை ஓரமாக நின்று மணிக்கட்டில் அடித்து முகர்ந்தேன். மெல்லிசாக, நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு தூரம் மலையேறி வருகிறவர் அதற்கென்று தனியாகக் காசு கேட்காதது உறுத்தியது. அதையும் விழுங்கிக்கொண்டேன். பழனியில் வாழ்க்கைப்பட்டு மூன்றே மாதமாகியிருந்த என் தங்கைக்கு முதல் பாட்டிலை அனுப்பினேன். மிச்சத்தை ஒவ்வொன்றாக விற்றேன்.

ஞாயிறு தவறாமல் போன் செய்கிறவள் இரண்டு ஞாயிறு பேசவில்லை. நான் கூப்பிட்டபோது அவள் மாமியார் எடுத்தார்.

"மேலுக்குச் சொகமில்ல தம்பி, படுத்திருக்கா."

மறுநாளே பழனிக்கு பஸ் ஏறினேன். வெறுங்கையோடு போகக்கூடாதென்று மாமியாருக்கும் அதே சரக்கில் ஒரு பாட்டில் பையில் வைத்திருந்தேன். பங்குனி மாதம். மலை இறங்க இறங்க வெக்கை ஏறியது. அடிவாரத்துக்கு வந்தபோது பையிலிருந்து ஒரு நெடி கிளம்பியது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். மூடியில்லாத பாட்டில் லேசாகக் கசிந்திருந்தது. பெயின்ட் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த நெடி. மதுரைக்காரர் ஏன் மேலே வந்தே கொடுத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. குளிரில் எந்த நெடியும் எழும்பாது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பாட்டிலைக் குப்பையில் போட்டேன்.

தங்கை சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். மாமியார் காபி போடப் போனதும் விலக்கிக் காட்டினாள். காதுக்குக் கீழிருந்து தோள்வரை தோல் வெந்து கறுத்திருந்தது.

"கவரிங் செயின் ஒத்துக்கலன்னு அத்தைகிட்ட சொல்லியிருக்கேன். நீ எதையும் ஒளறி வைக்காதண்ணே. ஒனக்குத்தான் அசிங்கம்."

எனக்கு அழுகை வந்தது. அழாமல் காபியைக் குடித்துவிட்டு மலையேறினேன்.

அதற்குள் பதினோரு பாட்டில் தபாலில் போயிருந்தன. எல்லா முகவரியும் என்னிடம் இருந்தது. 'உடம்பில் அடிக்காதீர்கள்' என்று எழுதினால் போதும். எழுதினால் சைட்டில் என் பெயர் நாறிவிடும். டைப் செய்தேன், அழித்தேன், கம்ப்யூட்டரை அணைத்தேன். பதினோரு பேரில் ஒருவருக்கும் எழுதவில்லை.

புகார் ஒன்றுகூட வரவில்லை. பிழைத்தேன் என்று அப்போது நிம்மதிப்பட்டேன். அவர்களில் பெரும்பாலோர் யாருக்காவது பரிசு கொடுக்கத்தான் வாங்கியிருந்தார்கள். அந்தப் பரிசைக் கழுத்தில் அடித்துக்கொண்டவர்களும், கொடுத்தவருக்கு அசிங்கமாகிவிடுமே என்று, என் தங்கையைப் போலவே வேறு காரணம் சொல்லியிருப்பார்கள்.