நீலம் மாறாத சீனி

அந்தமானின் மாயாபந்தர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக நான் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தவை: ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, உடையாமல் மிஞ்சிய சோதனைக் குழாய்கள், மலேரியா ஸ்லைடுகள் வைக்கும் மரப்பெட்டி. ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வசதி கிடையாது. சிறுநீரில்தான் பார்க்க வேண்டும். நீல மருந்தில் சில சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லாதவர்களுக்கு நீலம் அப்படியே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, கடைசியில் செங்கல் நிறத்தில் கலங்கும்.

செங்கல் நிறத்தில் கலங்கிய முதல் குழாய் என் அம்மாவுடையது. தாகம் அடங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சும்மா பார்க்கலாமே என்று பார்த்தேன்.

அப்பா படகு கட்டும் தச்சராக இந்தத் தீவுக்கு வந்தவர். நான் மெயின்லேண்டில் படித்துக்கொண்டிருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். படிப்பு முடித்துக் கப்பலில் வந்து இறங்கிய என்னிடம் மிச்சமிருந்தது அம்மா மட்டும்தான். தூத்துக்குடிக் கடற்கரைப் பேச்சு மாறாதவள். சந்தையில் இந்தி பேசினாலும் அது அந்தப் பேச்சாகத்தான் கேட்கும்.

அந்த வருடம் ஈஸ்டர் முடிந்த சமயம், மீன் முள் குத்தி அம்மாவின் இடது பாதத்தில் புண் வந்தது. ஆறவில்லை. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை இறங்கினால் புண் ஆறும், இறங்காவிட்டால் பாதம் தங்காது என்று என்னிடம் மட்டும் சொன்னார். இன்சுலின் கப்பலில் வர வேண்டும். வந்தாலும் எல்லோருக்கும் போதாது. ஆகாரத்தால்தான் இறக்கப் பார்க்க வேண்டும் என்று ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, ஆப்பிள், காலிஃபிளவர் என்று போட்டிருந்தது. மாயாபந்தரில் அதில் எதுவும் கிடையாது. டாக்டருக்கும் அது தெரியும்.

எனக்கு எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் மனம் நிற்கும். இங்கே கிடைப்பதை எல்லாம் வரிசை போட்டேன். ராஷன் அரிசி, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு, வாழைக்காய், பலாக்கொட்டை, தேங்காய், முருங்கைக்கீரை, மீன், முட்டை. ஆஸ்பத்திரி அயோடினைத் தண்ணீர் விட்டு இளக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு விட்டேன். மாவுச்சத்து இருந்தால் மை போலக் கறுக்கும். அரிசி கறுத்தது. கஞ்சி வடித்தால் மாவு போய்விடும் என்று எல்லோரும் சொன்னதால் வடித்த சோற்றிலும் விட்டுப் பார்த்தேன். அதுவும் கறுத்தது. மரவள்ளி அதைவிடக் கறுத்தது. வயிறு நிறைக்கிற எல்லாமே கறுத்தன. கறுக்காமல் தப்பியவை தேங்காய், கீரை, மீன், முட்டை. அந்த நாலையும் அம்மாவுக்குச் சொல்லி, கறுத்தவற்றைக் கைப்பிடி அளவுக்கு மேல் தொடக்கூடாது என்றேன். அவள் தலையாட்டினாள்.

பிறகும் தினமும் காலையில் செங்கல் நிறம்தான் வந்தது. நான் கொண்டுவந்து வைத்த மருந்திலும் குழாய்களிலும் சோதனையை அம்மாவே வீட்டில் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். சீனியைத் தொடவே இல்லையா என்று நான் கேட்பேன். உடம்புக்கு ஆகாத ஒன்றையும் தொடவில்லை என்று மாதா மேல் ஆணையிடுவாள். நான் நம்பினேன். பொய் சொல்கிறவள் அல்ல. அவள் சொன்னது பொய்யும் அல்ல.

பக்கத்து வீட்டு வங்காளி அக்காதான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது முதலில் சொன்னாள். தன் மரத்துப் பப்பாளியைக் கொண்டுபோனாளாம். அம்மா ஒரு துண்டு வெட்டி, நசுக்கி, என் நீல மருந்தில் போட்டுக் காய்ச்சி, சிவந்ததும், "இஸ்மே சக்கர் ஹை", இதில் சர்க்கரை இருக்கிறது என்று பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். "மௌசி டாக்டர் பன் கயீ", சித்தி டாக்டராகிவிட்டாள் என்று அக்கா சிரித்தாள். தன் வீட்டுப் பாலுக்கும் அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள் என்றாள்.

நான் வீட்டுக்கு நடந்தேன். அடுப்பங்கரையில் அம்மா குழாய்களை வரிசையாக நிறுத்தியிருந்தாள். என் மகளுக்கு நான் சளைத்தவளா என்பது போல முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தாள். பப்பாளி, வாழைப்பழம், இளநீர், பால், வெங்காயம் எல்லாம் சிவப்பும் ஆரஞ்சுமாகக் கலங்கியிருந்தன. சோறு நீலம். மரவள்ளியில் லேசாகப் பச்சை தட்டியிருந்தது. கடைசிக் குழாய் தெளிந்த நீலம்.

"நானும் ஒன்னைய மாதிரி எல்லாத்தையும் பாத்துட்டேன்ட்டீ. பால்ல இருக்கு, எளநில இருக்கு. இந்தச் சீனில மட்டும் சக்கரை இல்ல."

வெள்ளைச் சீனி அந்த மருந்தில் நிறம் மாறாது. படித்தவர்களுக்கு அது பரீட்சைக் கேள்வி. நீலம் என்றால் நல்லது என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். அயோடினில் கறுத்தது மாவு, மாவு என்ன செய்யும் என்று அவள் நினைத்திருக்கிறாள். வியாதியின் பெயரே சர்க்கரை. அதனால் பாலையும் பழத்தையும் ஒதுக்கிவிட்டு, வயிறு நிறைய மரவள்ளி தின்று, சீனி போட்ட கடுங்காப்பி குடித்துக்கொண்டு, அதை ஒரு தவம் போல நடத்தியிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வேகவைத்த மரவள்ளியை அவளையே மென்று குழாயில் துப்பச் சொன்னேன். வெந்நீரில் சற்று நேரம் வைத்தோம். நீல மருந்தை விட்டுக் காய்ச்சினேன். ஆரஞ்சாகிச் சிவந்தது. சீனியையும் கொஞ்சம் அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து, சோடா உப்பு போட்டு அமிலத்தை முறித்து, அதே நீல மருந்தில் காய்ச்சிக் காட்டினேன். அதுவும் சிவந்தது. வயிற்றுக்குள் இதுதான் நடக்கிறது என்றேன்.

அவள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அப்போ சக்கரை கெழங்குல இல்ல, எம்வாயிலதான் இருக்கு. வாயத் தைச்சிருட்டீ."

அன்றிலிருந்து சொன்னபடி சாப்பிட்டாள். மீனும் கீரையும் முட்டையும், கைப்பிடிச் சோறும். மெலிந்தாள். ஆனால் குழாய் ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. ஒருநாள் பச்சையில் நின்றது. புண்ணின் ஓரத்தில் புதுச் சதை பிடிப்பதாக டாக்டர் சொன்னார். அந்தச் சில நாட்கள்தான் எங்களுக்குக் கிடைத்தன.

மழை இறங்கியது. கடல் கொந்தளித்ததால் மீன்பிடிப் படகுகள் கரையிலேயே கிடந்தன. கருவாடு தீர்ந்தது. கோழிகள் நனைந்து முட்டையை நிறுத்தின. முருங்கை காற்றில் முறிந்து விழுந்தது. கப்பல் வரவில்லை, இன்சுலினும் வரவில்லை. ராஷன் கடையில் அரிசி மட்டும் இருந்தது. எங்கள் கொல்லையில் மரவள்ளி மட்டும் இருந்தது. கறுக்காத நாலில் தேங்காய் ஒன்றுதான் மிஞ்சியது. தேங்காயை மட்டும் தின்று வாந்தி எடுத்தாள். பசியோடு உட்கார்ந்திருந்தவள், "நான் என்னத்தத் திங்கட்டீ, அதச் சொல்லு" என்றாள்.

மரவள்ளியைப் பிடுங்கி, தோலுரித்து, நானே வேகவைத்துத் தட்டில் போட்டேன். என்ன நடக்கும் என்று இருவருக்கும் இப்போது தெரியும். தெரிந்தே தின்றாள். மறுநாளும் போட்டேன்.

பாதம் கறுக்கத் தொடங்கியபோது போர்ட் பிளேருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ரங்கத் வழியாகத் தரையில் போகலாமென்றால் அப்போது முழு ரோடு கிடையாது. படகு விடும்வரை காத்திருந்தோம். படகுத்துறைக்கு அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்த மறுநாள் வார்டு சாப்பாடு வந்தது. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, சீனி போட்ட பால். எல்லாக் கட்டிலுக்கும் ஒரே சாப்பாடுதான், வேறு கிடையாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். இன்சுலின் கேட்டேன். வந்தால் முதலில் உங்களுக்குத்தான் என்றார்கள்.

அம்மா தட்டைத் தொடாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"இதுல எது ஆவும்?"

நான் சோற்றைப் பிசைந்தேன். எல்லாம் ஆகும், சாப்பிடு என்றேன். என்னை நம்பாதது போல ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். தட்டு காலியாகும்வரை ஊட்டினேன். பாலையும் குடித்தாள்.

அந்த வாரக் கடைசியில் சர்ஜன் கூப்பிட்டார். தையல் போட்ட இடம் கூடவில்லை, முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார். கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.