நேப்பிள்ஸில் தின்ற முட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு மாலை, மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எரிமலையைப் பற்றிப் பேசினேன். முன்வரிசையில் என் தகப்பனார். அவருக்குப் பக்கத்தில் எனக்குப் பெண் கொடுக்க இருந்தவர். லண்டனில் படித்துவிட்டுத் திரும்பி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கடல் கடந்ததற்குப் பிராயச்சித்தம் ஆயிற்று. கப்பலிலும் சீமையிலும் பால், ரொட்டி, பழம் தவிர எதையும் தொடவில்லை என்று நான் செய்த சத்தியத்தை நம்பித்தான் அப்பா என்னைப் பந்தியில் தம்மோடு உட்காரவிட்டார்.

திரும்பும் வழியில் கப்பல் நேப்பிள்ஸில் ஒரு பகல் நின்றது. கப்பல் சமையல்காரர் சாந்தோம் குப்பத்துக் கிறிஸ்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நகரத்தை ஒட்டிய பழைய எரிமலைக் குழிக்கு அவர்தான் அழைத்துப் போனார். புல் பூண்டு இல்லாத வெளுத்த பொட்டல். பாறை இடுக்குகளில் மஞ்சளாகக் கந்தகம் படிந்திருந்தது. ஒரு பள்ளத்தில் சேறு கூழைப்போல் கொதித்தது. வேடிக்கை பார்த்தபடி நான் கால் வைத்த இடத்தில் தரை பொருக்காக உடைந்தது. கால் இறங்குவதற்குள் அவர் என் இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டார். என் நடுக்கம் அடங்கட்டும் என்று, கொண்டுவந்திருந்த முட்டைகளைச் சுடுமண்ணில் புதைத்து வேகவைத்து, உரித்து நீட்டினார். தின்றேன். ஒன்றல்ல, மூன்று. அவ்வளவு ருசியாக அதற்குமுன் எதையும் தின்றதில்லை.

மண்டபத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், முட்டையையும் அவரையும் விட்டுவிட்டு. காலை நானே சமர்த்தாக இழுத்துக்கொண்டதாகச் சொன்னேன். கைதட்டல் ஓய்ந்ததும் கடைசி வரிசையில் அந்தச் சமையல்காரர் எழுந்தார். நோட்டீஸைப் பார்த்து வந்திருக்கிறார். சலவைச் சட்டை, முகமெல்லாம் சிரிப்பு.

"சாமி, முட்டை சமாச்சாரத்த வுட்டுட்டியே. சுடுமண்ணுல பொதச்சி ரெண்டு பேரும் துன்னோமே."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"யாரோ குடிச்சுட்டு வந்திருக்கான். வெளியில அழைச்சுண்டு போங்கோ" என்றேன்.

குடியைத் தொடாத மனிதர் அவர். கப்பலில் எல்லோரும் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். இரண்டு பேர் அவர் தோளில் கை வைத்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"ஆமா சாமி, கொஞ்சம் ஜாஸ்தியா பூட்ச்சி. ஆளு தெரியாம பேசிட்டேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

கல்யாணம் நடந்தது. இன்று என் வீட்டு மேஜையில் பேரன் தினமும் முட்டை தின்கிறான். என் மனைவிதான் வேகவைத்துக் கொடுக்கிறாள். யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. அந்த மாலைக்குப் பிறகு, அடுத்த கப்பல் கிடைக்கும்வரை அந்தச் சமையல்காரர் நான்கு மாதம் சாந்தோமில்தான் இருந்தார் என்று அப்போதே எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேர நடை. நான் போகவில்லை. எங்கே எதிர்ப்பட்டுவிடுவாரோ என்று கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவதையும் அந்த நான்கு மாதம் நிறுத்தி வைத்திருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.