கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் நடுவே

காலை பதினொன்று பத்து. செய்தி அறையின் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே இருந்த கதவு திறந்தது. முதலில் உள்ளே நுழைந்தது வாழைநாரால் கட்டிய ஒரு காகிதச் சுருள். இரு ஓரங்களிலும் வரிசையாகத் துளை போட்ட கம்ப்யூட்டர் காகிதம். அதை அணைத்துப் பிடித்தபடி பின்னால் வந்தவர் என் மதினி, அண்ணனின் மனைவி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். அதற்கு முன் அவர் எங்கள் பத்திரிகை அலுவலகப் படி ஏறியதே இல்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, பங்குனி வெயில். குடையை மடக்கும் முன்பே சொன்னார்: "தம்பி, ஞாயித்துக்கிழமைக்கு எழுதினீங்கள்லா, அதப் போட வேண்டாம்."

ஞாயிறு இணைப்புக்கு நான் எழுதியிருந்தது அவரைப் பற்றித்தான். முனைவர் பட்டத்துக்காக ஆய்வு விடுப்பு எடுத்து, இளம் விண்மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். வாயுவும் தூசியும் திரண்டு புதிதாகப் பிறந்த விண்மீனின் ஒளி நிலையாக நிற்பதில்லை. அதன் மேல் பெரிய கரும்புள்ளிகள் உண்டு. சுழலும்போது ஒரு புள்ளி நம் பக்கம் திரும்பினால் ஒளி மங்கும், அப்பால் போனால் கூடும். மங்கல் எத்தனை காலத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்று கண்டுவிட்டால், விண்மீன் ஒரு சுற்றுச் சுழலும் நேரம் தெரிந்துவிடும். மதினியின் விண்மீன் இருபத்தேழரை மணி நேரத்தில் சுழல்கிறது என்று கணக்கு சொன்னது. பிறந்த தூசி இன்னும் தட்டுபோலச் சூழ்ந்திருக்கும் விண்மீன் அவ்வளவு வேகமாகச் சுழலாது, தூசித் தட்டு அதற்குக் கடிவாளம் போடும் என்பது அப்போது பலரும் ஏற்றிருந்த கருத்து. அதற்கு அடங்காத ஒரு விண்மீன் கிடைத்திருந்தது. ஆய்வேட்டின் கனமே அந்த ஓர் அத்தியாயத்தில்தான். சமர்ப்பித்துவிடலாம் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார். விடுப்பு ஜூனில் முடிகிறது. அதற்குள் கொடுக்காவிட்டால் பட்டமில்லாமல் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். அப்பாவோ உறவு வீடுகளில் "எங்க டாக்டர் மருமவ" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

கணக்குப் போட்ட இடம் முருகன்குறிச்சியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒரு கடை. அந்த அண்ணாச்சி பத்திரிகையோடு கம்ப்யூட்டர் ஜாதகமும் கணித்துக் கொடுப்பார். மத்தியானம் கூட்டம் ஓய்ந்த பிறகு கடையின் ஒரே கம்ப்யூட்டர் மதினிக்கு. ஏறி இறங்கும் எதையும் சீரான அலைகளாகப் பிரித்துவிடலாம் என்பது கணிதத்தில் ஒரு பெரிய துறை. சீரிசைப் பகுப்பாய்வு என்று பெயர். விண்மீனின் ஒளி அளவுகளைக் கொடுத்தால், எந்தெந்த அலை அதில் எவ்வளவு இருக்கிறது என்று நிரல் தேடும். அச்சுப்பொறி கீச்சிட்டபடி படம் போடும். ஓங்கி நிற்கும் அலை இருக்கும் இடத்தில் கோபுரம்போல ஒரு முனை எழும். நான் செய்திக்காகப் போயிருந்த அன்று அண்ணாச்சி கேட்டார்: "எந்த நட்சத்திரத்த பாக்குதீங்க டீச்சர்? கார்த்திகையா, ரோகிணியா?"

"ரெண்டுக்கும் நடுவுல, அண்ணாச்சி. பேரு கிடையாது. நம்பர்தான்."

"பேரு வைக்காத பிள்ளைக்கா இத்தன மாசமா ஜாதகம் எழுதுதீங்க!" என்றார் அவர். மதினி சிரித்ததில் அச்சுப்பொறியின் சத்தம் கேட்கவில்லை.

மதினி சொன்ன பதில் உண்மை. வானில் அந்த இரண்டு நட்சத்திரங்களுக்கும் அருகே கிடக்கும் தூசி மேகத்தில்தான் அவருடைய இளம் விண்மீன் இருந்தது. அந்தப் பகுதி நன்றாக உயர்ந்து தெரிவது ஐப்பசி, கார்த்திகையில்; நம் ஊரில் மழையும் அப்போதுதான். வடக்கே மலைமேல் இருந்த தொலைநோக்கியில் அவருக்கு ஒதுக்கிய இரவுகளில் பாதி மேகத்துக்குப் போனது. மிச்ச இரவுகளில் கிடைத்தவையும் இரவுக்கு ஓர் அளவு, ஏறத்தாழ ஒரே நேரத்தில்.

அலுவலகத்துக்கு வந்ததற்கு முந்தின நாள், ஆய்வேடு தட்டச்சுக்குப் போகவேண்டிய நேரத்தில், யாரும் கேட்காத ஒரு சோதனையை அவர் செய்திருந்தார். எட்டு நாளுக்கு ஒருமுறை சுழலும் ஒரு பொய் விண்மீனைக் கற்பித்து, தன் விண்மீனைத் தான் பார்த்த அதே நேரங்களில் மட்டும் அதையும் பார்த்ததாக எண்களை உண்டாக்கினார். அளவில் வரக்கூடிய பிழையையும் கொஞ்சம் கலந்தார். நிரலை ஓட்டினார். எட்டு நாள் சுழற்சிக்காரனின் படத்தில் பெரிய கோபுரம் இருபத்தேழரை மணியில் எழுந்தது.

அச்சுக்குப் போகும் பக்கங்களை வெட்டி ஒட்டும் மேஜையில் சுருளைப் பிரித்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். செய்தி ஆசிரியர் எழுந்து வந்தார். அவரைப் பார்த்து மதினி, "இதுல எது நட்சத்திரம், எது நான் கட்டிவிட்டது? சொல்லுங்க பாப்போம்" என்றார். செய்தி ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து, இடப்பக்கத்துப் படத்தைத் தொட்டார்.

"இதான் அசல். இதுல ஒரு களை இருக்கு."

மதினி தாளைப் புரட்டிப் பார்த்தார். "இல்ல. எனக்கும் அடையாளம் தெரியலன்னுதான் பின்னால பென்சில்ல எழுதி வச்சிருக்கேன்."

எனக்கு அது விளங்கவில்லை. அவர் சுவரைக் காட்டினார். "தினம் பதினொண்ணு பத்துக்கு மட்டும் வந்து இந்தக் கடிகாரத்தப் பாத்துட்டுப் போறவருக்கு, அது ஓடுதா, நின்னுபோச்சான்னு தெரியுமா? நான் பாத்தது அப்படித்தான், தம்பி. அது எட்டு நாளாவும் இருக்கலாம், இருபத்தேழரை மணியாவும் இருக்கலாம். நான் பாத்த நேரத்த வச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது."

செய்தி ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "என்ன வே, ஞாயித்துக்கிழமைப் பக்கத்துல இவ்வளவு பெரிய ஓட்டைய இப்ப எதப் போட்டு அடைக்க? பாபநாசம் அணை படம் ஏதாவது கிடக்கான்னு பாரும்." சொல்லிவிட்டு மதினிக்கு டீ வாங்கி வரச் சொன்னார். அவர் யாருக்கும் டீ சொல்லி நான் பார்த்ததில்லை.

வீட்டில் அவ்வளவு எளிதாக முடியவில்லை. அப்பாவுக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும், "எட்டு நாள்ல சுத்துனா பட்டம் தரமாட்டாங்களாக்கும்?" என்று கேட்டார்.

"எட்டு நாள்தான்னு நிரூபிக்கணும், மாமா. நிரூபிச்சாலும் அது புதுசு இல்ல. அப்படிச் சுத்துறது நிறைய இருக்கு."

"இந்தத் தப்ப யாராவது கண்டுபிடிச்சுச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல."

"பொறவு?"

அம்பாசமுத்திரத்தில் வங்கி வேலையை முடித்து வந்த அண்ணன் செருப்பைக் கழற்றியபடி, "அவளுக்குத் தெரிஞ்சுபோச்சுல்லாப்பா" என்று மட்டும் சொன்னான். அப்பா செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டார்.

ஜூனில் மதினி பட்டமில்லாமல் கல்லூரிக்குத் திரும்பினார். இங்கே பகலாக இருக்கும்போது அந்த விண்மீன் தெரியும் இடம் பூமியின் மறுபக்கம். அங்கே அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அளவுகளைக் கேட்டு எழுதினார். ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு தபாலில் அந்த அளவுகள் அடங்கிய பிளாப்பி வந்தது. அதே கடையில், முகூர்த்தப் பத்திரிகைகளுக்கு இடையில், இரு பக்கத்து அளவுகளையும் சேர்த்து ஓட்டினார். இருபத்தேழரை மணிக் கோபுரம் சரிந்துபோனது. எட்டு நாளில் ஒன்றே ஒன்று நின்றது. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "சுகப்பிரசவமா டீச்சர்?" என்றார். வகுப்பு எடுத்துக்கொண்டே, பார்த்த நேரங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும்போது ஒளி அளவுகளை எவ்வளவு நம்பலாம் என்பதையே ஆய்வின் பொருளாக்கி அவர் எழுதி முடித்தார். பட்டம் கிடைத்த செய்தியை நான்கு வரியில் எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் அதை உள்பக்கத்தில் அணை நீர்மட்டத்துக்கு மேலே போட்டார்.

பல ஆண்டுகள் நிருபராக இருந்தேன். ஓர் ஊரில் காலையில் குழாயில் தண்ணீர் வருவதை அதிகாரி காட்டினால், மாலையிலும் ஒருமுறை பைய எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். அதிகாரி சொன்ன நேரத்தில் ஒரு தடவை, சொல்லாத நேரத்தில் ஒரு தடவை. இதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் பெயரில் வந்த செய்திகளில் நிலைத்து நின்றவை எவையோ அவற்றுக்கெல்லாம், மதினி குடையோடு படியேறி வந்த அந்தக் காலைக்குக் கடன்பட்டிருக்கிறேன். அவரிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "நல்லா எழுதியிருந்தீங்க தம்பி. அத நிறுத்தத்தான் சங்கடமா இருந்துச்சு" என்றார்.

மதினி இப்போது ஓய்வு பெற்று அண்ணனோடு அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். அன்று மேஜையிலேயே விட்டுப்போன சுருள் என்னிடம் இருக்கிறது. போன மாதம் அலமாரியை ஒதுக்கும்போது எடுத்தேன். வாழைநார் தொட்டதும் பொடிந்தது. படங்கள் இரண்டும் தெளிவாகவே இருக்கின்றன. பின்னால் இருந்த பென்சில் எழுத்து அழிந்துவிட்டது.