செத்த கஞ்சனைப் பார்க்க அசாம் ஜாவாவுக்கு ஒரு ஞாயிறு

மலேசியாவில் கோல சிலாங்கூர் என்றாலே மின்மினிப்பூச்சி. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். நான் போனது நாடகம் பார்க்க. சென்ற மாதம் ஒரு ஞாயிறு, காலை பதினோரு மணி, கோல சிலாங்கூரை ஒட்டிய அசாம் ஜாவா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து மண்டபம். என் தோழி ஸ்டெல்லா எழுதி இயக்கிய நகைச்சுவை நாடகம். நுழைவு இலவசம், முடிந்ததும் சாப்பாடு.

ஸ்டெல்லா புக்கிட் செந்தோசாவில் எனக்குப் பக்கத்து வீடு. பள்ளியில் வரலாறு சொல்லித் தருகிறாள். கொஞ்ச காலமாக அவளுக்குப் பழைய ரோமாபுரி நாடகங்களின் மேல் பைத்தியம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே திருவிழா நாட்களில் பலகையில் மேடை போட்டு, காசு வாங்காமல், கூட்டத்தைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். மேடை என்பது ஒரு தெரு, அதில் இரண்டு மூன்று வீட்டு வாசல், அவ்வளவுதான். வருகிற ஆட்களும் பெரும்பாலும் ஒரே மாதிரி: காசைக் கட்டிக்கொண்டு அழும் கிழவன், காதலில் விழுந்த பையன், எஜமானைவிட மூளை உள்ள அடிமை, எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று மோப்பம் பிடித்து வரும் ஓசிச் சோற்றுக்காரன், வாய் ஓயாத சமையல்காரன். கதை நடக்கும்போதே நடிகர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவார்களாம். நம் ஆட்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது என்று ஸ்டெல்லா சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆட்களை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு கதையைத் தானே எழுதினாள். அடிமை லோரி டிரைவர் ஆனான்.

கதை இதுதான். மகள் கல்யாணச் செலவிலிருந்து தப்பிக்க ஒரு கஞ்சன் செத்தவன் போலப் படுத்துக்கொள்கிறான். கல்யாணமும் நிற்கும், துக்கம் கேட்க வருகிறவர்கள் கொடுப்பதும் சேரும். டிரைவருக்கு மட்டும் விஷயம் தெரியும். துக்க வீட்டுக்குச் சமைக்க வந்தவன் கூடை கூடையாக வெங்காயம் உரிப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் பிணம் எழுந்து உட்கார்ந்து கணக்குக் கேட்கும். அதற்குச் சற்று முன்னால் ஓர் இடம் உண்டு. பிணம் மெல்லத் தலையைத் திருப்பி, தன்னைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லும்படி கூட்டத்திடம் கேட்கும். புக்கிட் செந்தோசாவில் இதை ஏற்கனவே பார்த்திருந்தேன். அங்கே ஆளாளுக்குக் கிண்டலடித்தார்கள், ஒருவர் வாயிலிருந்தும் நல்ல வார்த்தை வரவில்லை. தோட்டத்து ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று பார்க்க ஆசை.

கெர்லிங்கில் இருக்கும் சவரிமுத்து மாமாவின் காதுக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. என் அம்மாவின் தம்பி. எழுபதைத் தாண்டியவர். தெருவோர ஒட்டுக்கடையில் முந்தின நாள் பேப்பரை இனாமாக வாங்கிப் படித்துவிட்டு, செய்தி என்ன புளித்தா போய்விடும் என்று கேட்பவர். காரில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். சாப்பாடு உண்டுதானே என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாமாவின் மனைவி ரோசம்மா அத்தை சில மாதங்களாக அவரோடு இல்லை. அசாம் ஜாவாவில் மகள் ஜெசிந்தா வீட்டில் இருந்தார். என்ன சண்டை என்று இருவருமே வாய் திறக்கவில்லை. நாடகத்தன்று சாப்பாடு பரிமாறும் பெண்களில் அத்தையும் ஒருவர். எனக்கு அது தெரியும், மாமாவுக்கும் தெரிந்திருந்தது. சோற்றுக்காகத்தான் வருகிறேன் என்றார். ஆனால் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். ஒரு கஞ்சனைக் கூட்டிப் போய், அவர் மனைவி இருக்கும் மண்டபத்தில், மேடைக் கஞ்சனைக் காட்டுவது சரிதானா என்று யோசித்தேன். கூட்டிப் போவதுதான் சரி என்று முடிவு செய்தேன்.

கெர்லிங் வடக்கே, அசாம் ஜாவா தென்மேற்கே. மாமாவை ஏற்றிக்கொள்ள முதலில் எதிர்த் திசையில் முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டினேன். நெடுஞ்சாலையில் போகலாம் என்றேன். பழைய சாலையில் டோல் கிடையாது என்றார். டோலுக்கு நான்தான் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

“யாரு குடுத்தா என்னா, போறது காசுதானம்மா.”

பழைய சாலையிலேயே போனோம். ராசா, பத்தாங்காலி, மறுபடி புக்கிட் செந்தோசா, பிறகு பத்தாங் பெர்ஜுந்தை. கெர்லிங்கிலிருந்து கோல சிலாங்கூர் வரை எண்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஒன்றே முக்கால் மணி நேரம். ஞாயிறு காலையில் இந்தச் சாலை அருமையானது. இருபக்கமும் செம்பனை, எதிரில் எப்போதாவது ஒரு லோரி. டோலைப் பற்றி மாமாவோடு இனி வாதாட மாட்டேன்.

பத்தாங் பெர்ஜுந்தையில் ஓர் ஒட்டுக்கடையில் பசியாறினோம். இரண்டு ரொட்டி சானாய், நுரைக்க ஆற்றிய டீயான தே தாரே ஒன்று, எனக்கு ஆனது ஐந்து வெள்ளி இருபது காசு. மாமா தன் பையிலிருந்து அவித்த மரவள்ளிக்கிழங்கை எடுத்து, என் ரொட்டிக்கு வந்த பருப்புக் கறியில் தொட்டுக்கொண்டார். கடைக்காரர் பார்த்தார், இன்னொரு கிண்ணம் பருப்பு கொண்டு வந்து வைத்தார்.

நாடகத்துக்கு நேரம் இருந்ததால் புக்கிட் மலாவத்திக்குப் போனோம். வார இறுதியில் காரை மேலே விடமாட்டார்கள். கீழே நிறுத்திவிட்டு டிராமில் போகலாம், நாங்கள் போன அன்று ஆளுக்கு ஐந்து வெள்ளி. நடந்தால் கால் மணி நேரம், சாலை நல்ல சாலை. நாங்கள் நடந்தோம் என்று சொல்லத் தேவையில்லை. மேலே பீரங்கிகள், கலங்கரை விளக்கம், தூரத்தில் கடல், எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறக் குரங்குகள். அவற்றுக்குக் கொடுக்கப் பயற்றங்காய் விற்கிறார்கள், ஒரு கட்டு மூன்று வெள்ளி. இதில் இரண்டு நாள் கறி வைக்கலாம் என்று மாமா விற்கிறவரிடமே சொன்னார். ஆனால் குட்டியைச் சுமந்த ஒரு குரங்கு அவர் முழங்கால் மேல் கையை வைத்ததும், மிச்சமிருந்த கிழங்கு முழுவதையும் பிட்டுப் பிட்டுக் கொடுத்துவிட்டார். நான் பார்ப்பதைக் கண்டு, கிழங்கு கொல்லையில் விளைந்தது, காசு கொடுத்து வாங்கியதா என்றார். (குரங்குகளுக்கு எதுவும் கொடுக்காமல் இருப்பதே நல்லது. மாமாவிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

கோட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே பேசினார். அவர் சிறு வயதில் இருந்த தோட்டத்தை விற்றபோது, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்களாம். அவருடைய அப்பா சட்டி பானையை லோரியில் ஏற்றிவிட்டு, எங்கே போவது என்று டிரைவரிடம் கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு மாமா எழுந்து இறங்கத் தொடங்கினார்.

அங்கிருந்து மண்டபம் இருபது நிமிடம். போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகள் நிறைந்துவிட்டன. அத்தை சமையல் பக்கத்திலிருந்து வந்து எனக்குக் கை அசைத்துவிட்டு, முன்னால் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தார். மாமாவைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. மாமா என் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்தார்.

நாடகம் நன்றாகவே போனது. ரோமாபுரி வழக்கப்படி என்று சொல்லி, ஸ்டெல்லா நடிகர்களுக்குக் காகிதக் கூழில் முகமூடி செய்திருந்தாள். கஞ்சனின் முகமூடிக்கு இறுக மூடிய சின்ன வாய். ஓசிச் சோற்றுக்காரன் துக்கத்துக்கு வந்து அழுதுகொண்டே குழம்பில் உப்புப் பார்த்தபோது மண்டபமே அதிர்ந்தது. மாமாவும் சிரித்தார். தன் ஊரில் இப்படி ஒருவன் இருப்பதாக என்னிடம் பெயரோடு சொன்னார். கஞ்சனைப் பார்த்தும் சிரித்தார். அவருக்கு யாருடைய ஞாபகம் வந்ததோ, தன்னுடைய ஞாபகம் இல்லை என்பது மட்டும் உறுதி.

பிறகு அந்த இடம் வந்தது. பெஞ்சில் கிடந்த பிணம் கூட்டத்தின் பக்கம் தலையைத் திருப்பியது.

“ஒரே ஒரு நல்ல வார்த்த. சொல்லுங்களேன், காசா பணமா?”

பின்னாலிருந்து ஒருவர், சீக்கிரம் செத்ததே நல்லதுதான் என்றார். இன்னொருவர், அவன் வீட்டில் எலிகூடத் தங்காது, அதனால் சுத்தம் என்றார். சிரிப்பு அடங்குவதற்குள் அத்தை எழுந்து நின்றார். மேடையைப் பார்த்துத்தான் பேசினார்.

“கூர ஒழுகுனா ராத்திரி பூரா முழிச்சிருந்து வாளி மாத்துவாரு. நான் நனையக் கூடாதுன்னு மொத வாளி எம் பக்கம்தான் வெப்பாரு. தகரத்த மட்டும் மாத்த மாட்டாரு.”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அத்தையின் பக்கத்தில் இருந்த சில பெண்கள் சிரிக்கவில்லை. மகள் வீட்டுக்கு அத்தை ஏன் வந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மேடையில் இருந்தவன் நல்ல நடிகன், சமாளித்துக்கொண்டான். முகமூடியைத் தூக்கி, தகரம் என்ன விலை விற்கிறது தெரியுமா அம்மா என்று கேட்டான்.

மாமா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

“அது எங்க வீட்டு விசயம். நீ படு.”

பிணம் உடனே படுத்துக்கொண்டது. அந்த நாடகத்திலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். ஆனால் அத்தை திரும்பி மாமாவைப் பார்த்தார், மாமா நின்றபடியே இருந்தார். சமையல்காரன் வெங்காயக் கூடையோடு வந்த பிறகுதான் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. முகமூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு வரிசையில் மாமா கடைசியாகப் போய் நின்றார். இலவசச் சாப்பாட்டுக்கு அவர் கடைசியில் நின்று நான் பார்த்ததில்லை. நான் அவருக்கு முன்னால் நின்றேன், அதனால் எல்லாம் காதில் விழுந்தது. அத்தை கரண்டியைப் பிடித்தபடி, கோழியா மீனா என்று கேட்டார். மாமா, எத்தனை தகரம் வேண்டியிருக்கும் என்று கேட்டார்.

“முழுசும்.”

“படுக்கிற பக்கமும் குசினியும் மட்டும் மொதல்ல மாத்துனா—”

“முழுசும்” என்றார் அத்தை. “கோழியா, மீனா?”

மாமா மீன் வாங்கிக்கொண்டார். அத்தை இரண்டு துண்டு வைத்ததை நான் கவனித்தேன். வீட்டுக்கு எப்போது வருவாய் என்று மாமா கேட்டதற்கு, தகரம் போட்டாலும் ஒரு நல்ல மழை அடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அத்தை குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பும் வழியில் பத்தாங்காலியில் ஒரு ஹார்ட்வேர் கடை பாதிக் கதவு திறந்திருந்தது. மாமா காரை நிறுத்தச் சொன்னார். அடுத்த முக்கால் மணி நேரம் கடை முதலாளி தவுக்கேயோடு அவர் பேரம் பேசியதை நாடகமாகப் போட்டால் நானே காசு கொடுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு தகரமாகத் தட்டிப் பார்த்தார், கனம் பார்த்தார், வாசல் வரை கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். கடைசியில் தவுக்கே விலையைக் குறைத்து, ஆணியை இனாமாகக் கொடுத்து, கெர்லிங் வரை லோரிச் செலவையும் ஏற்றுக்கொண்டார். முழுக் கூரைக்கும் தகரம் சொன்னார் மாமா. பிறகு சட்டைக்குள் கையை விட்டு ஒரு துணிப்பையை எடுத்தார். பணம் முழுவதும் அதில் இருந்தது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே கொண்டு வந்திருக்கிறார். அதை நீட்டும்போது அவர் கை பையை விடவே மாட்டேன் என்றது. தவுக்கே பொறுமையாகக் காத்திருந்தார்.

பேராசை வேறு, கஞ்சத்தனம் வேறு என்று ஸ்டெல்லா சொல்லுவாள். பேராசைக்காரன் அடுத்தவனுடையதைப் பார்க்கிறான், கஞ்சன் தன்னுடையது போய்விடுமோ என்று பார்க்கிறான். முன்னவனை நானும் மன்னிப்பதில்லை. ஆனால் பின்னவனைப் பார்த்துச் சிரிக்கலாம், சிரித்தபடியே அவனோடு வாழவும் செய்யலாம், கூரை ஒழுகாத வரைக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டரைக்குள் புக்கிட் மலாவத்தியில் இருங்கள், பத்துக்குப் பிறகு வெயில் கொளுத்தும். தொப்பியும் தண்ணீரும் அவசியம். பழைய சாலையில் செம்பனை லோரிகளை முந்த அவசரப்படாதீர்கள். பெட்ரோலுக்கு எனக்கு முப்பத்தைந்து வெள்ளி ஆனது. தோட்டத்து மண்டபத்தில் நாடகம் என்று கேள்விப்பட்டால் யோசிக்காமல் போங்கள், சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

தகரம் போட்டு முடித்து மூன்றாம் நாள் கெர்லிங்கில் நல்ல மழை. மாமா, முன்கூட்டிக் காசு போட்டுப் பேசும் தன் போனிலிருந்து அத்தையைக் கூப்பிட்டிருக்கிறார். ஒன்றும் பேசவில்லையாம். போனைக் கூரைப் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாராம். தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது, வாளியில் சொட்டும் சத்தம் இல்லை என்று அத்தை என்னிடம் சொன்னார். ரொம்ப நேரம் கேட்டுவிட்டு அத்தைதான் வாயைத் திறந்தாராம்.

“கேக்குது. வைங்க, கிரெடிட் போயிரும்.”