சுருக்கமில்லாத படுக்கை

முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் விரித்தவளை மற்ற ஆயாக்கள் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் விரித்த விரிப்பில் எறும்பு நடந்தால் வழுக்கி விழும் என்று கேலி வேறு. அவளுக்கு அதில் பெருமைதான். ஒரு பக்கம் அவள் பிடிப்பாள், எதிர்ப்பக்கம் எவளாவது ஒருத்தி பிடிப்பாள். மாமியார் புராணம், மருமகள் புராணம் எல்லாம் அந்த விரிப்புக்கு மேலேதான் அரங்கேறும்.

ஓய்வு பெற்று ஒரு வருஷம் கழித்து, வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. தீவு நகரம் ஒன்றில் நாலு நாள் சுற்றுலா, இரண்டு பேருக்கு ஏற்பாடு செய்து அனுப்பினான். துணைக்குத் தங்கை வருவதாக இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் தங்கை மகளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது.

"நீ போயிட்டு வாக்கா. டிக்கெட் வீணாப் போகுதுல்ல," என்றாள் தங்கை.

டிக்கெட் வீணாகக் கூடாதென்று ஒருத்தி தனியாகக் கடல் தாண்டினாள். சிரிக்காதீர்கள், இதைவிட அற்பமான காரணத்துக்கு ஜனங்கள் கல்யாணமே செய்துகொள்கிறார்கள்.

ஊரைக் குறை சொல்லக் கூடாது. கடற்கரைச் சாலை முழுக்கப் பாட்டும் கும்மாளமும். தென்னை மரங்களுக்கெல்லாம் சரவிளக்கு. ஈரத்தலையோடு ஐஸ்கிரீம் தின்றபடி குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அவள் தனியாக நிற்பதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே யோசனை.

"ஆன்ட்டி, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?"

கலங்கரை விளக்கத்தடியில், படகுத்துறையில், மீன் காட்சிசாலை வாசலில் என்று இரண்டு நாளில் பதினேழு குடும்பங்களைப் படம் பிடித்தாள். உங்களை ஒன்று எடுக்கட்டுமா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. கேட்டால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் அவள் வீம்பு அப்படி.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். ஹோட்டல் அறையிலும் காலையில் கண் விழித்ததும் விரிப்பை இழுத்து மூலைகளை மடித்துச் செருகினாள். குளியலறைத் தரையைத் துடைத்தாள். துண்டை மடித்து வைத்துவிட்டு, பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, பல்துலக்கும் பிரஷ்ஷைக்கூடக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ரூம் சுத்தம் செய்கிறவளும் தன் இனம்தானே, அவளுக்கு எதற்கு வேலை வைப்பது என்று நினைப்பு.

மூன்றாம் நாள் மதியம் படகுச் சவாரி முடிந்து வந்தால், சாவிக் கார்டைத் தேய்த்தும் கதவு திறக்கவில்லை. கீழே இறங்கி மேனேஜரிடம் கேட்டாள்.

"அந்த ரூம்ல ஆளே இல்லைன்னு ரிப்போர்ட் வந்துச்சு மேடம். காலி பண்ணிட்டுப் போயிட்டீங்கன்னு கார்டை நிறுத்திட்டோம்."

"மூணு நாளா நான் அங்கதாங்க இருக்கேன்!"

இருந்தாள் என்பதற்குச் சாட்சி சொல்ல அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? பதினேழு குடும்பத்துப் படங்களில் ஒன்றிலும் அவள் இல்லை.

ரூம் சுத்தம் செய்கிறவளை வரவழைத்தார்கள். நாற்பது வயதிருக்கும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வேர்த்து நின்றாள்.

"மூணு நாளும் பாத்தேன் சார். கட்டில்ல ஒரு சுருக்கம் இல்ல, பாத்ரூம்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. மனுஷங்க தங்கின ரூம் மாதிரியே இல்ல சார்."

இஸ்திரி அக்காவுக்குத் தன் பழைய கட்டில்கள் ஞாபகம் வந்தன. வார்டில் சுருக்கமில்லாத கட்டிலுக்கு அர்த்தம் ஒன்றுதான், ஆள் இல்லை. எத்தனை பேர் போன கட்டிலை அவளே அப்படி விரித்திருக்கிறாள்!

"அவங்க மேல தப்பில்லீங்க. எல்லாம் நான் பண்ணின வேலை," என்று மேனேஜரிடம் கெஞ்சினாள். பெட்டியைக் காட்டி, ஆளை நிரூபித்து, ஒருவழியாக விஷயம் முடிந்தது. லிஃப்டில் அந்தப் பெண் முணுமுணுத்தாள்.

"நாளைக்காவது கலைச்சுப் போடுங்கம்மா. காலி ரூம்னு எட்டிப் பாத்துட்டே போயிட்டேன். ஆள் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன்ல."

மறுநாள் காலை எழுந்தவள் விரிப்பைத் தொடவில்லை. கை பரபரத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதரைக்குக் கதவு தட்டப்பட்டது.

"அப்பாடா, இது ரூமு!" என்று சிரித்தாள் வந்தவள்.

அவள் விரிப்பை உதறியதும் எதிர்ப்பக்கத்தை இவள் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்கம்மா, நீங்க கெஸ்ட்டு."

"பேசாம இழுத்துப் பிடிடி."

பேசாமலா இருந்தார்கள்? அவள் வீட்டுக் கூரை ஒழுகுவதில் ஆரம்பித்து, கொழுந்தன் குடிப்பது வரை வந்தது. தங்கைக்குப் பேத்தி பிறந்த சேதியை இவள் சொன்னாள். போகும்போது அந்தப் பெண் போனை வாங்கி ஒரு படம் எடுத்துக் கொடுத்தாள். அந்த ஊரில் இஸ்திரி அக்கா இருக்கும் ஒரே படம் அது. கையில் தலையணையோடு நிற்கிறாள்.

வீடு திரும்பிய மறுநாள் காலை, என்ன நினைத்தாளோ, படுக்கையைக் கலைந்தபடியே விட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஒன்பதரை ஆனது. பதினொன்றும் ஆனது. யார் வந்து தட்டப்போகிறார்கள்? அழுகை வந்தது, கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தங்கைக்குப் போன் போட்டாள்.

"குழந்தைத் துணியெல்லாம் யாருடி மடிக்கிறா?"

"மலை மாதிரி கெடக்குக்கா. ஏன்?"

"அப்படியே கெடக்கட்டும். யாரும் தொடாதீங்க. நான் வரேன்."