படங்களுக்கு ஒரு பதிவறை

எங்கள் வீட்டுப் பின்னறையில் மொத்தம் எத்தனை படங்கள் இருந்தன என்பது எனக்குச் சரியாகத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் ஆரம்பத்திலேயே என் மனைவியின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

மாவட்டம் பிரிந்த 1989இல் ஆரம்பித்த பழக்கம் அது. வேலூரிலிருந்து லாரியில் வந்து இறங்கிய கோப்புகளைப் புது ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் பிரித்து அடுக்கும் வேலை எனக்கு. பகலெல்லாம் அடுத்தவர் எழுதிய காகிதத்தில் தும்மிவிட்டு வருகிறவனுக்கு, தனக்கென்றும் எதையாவது அடுக்கிவைக்கத் தோன்றுவது இயல்புதான். அந்த வருடமே ஒரு டெக் வாங்கினேன். வீடியோ கேசட் போட்டுப் பார்க்கும் பெட்டியை அப்போது எல்லோரும் டெக் என்றுதான் சொல்வார்கள். கல்யாணம், காதுகுத்து என்றால் வாடகைக்கு எடுத்துவந்து விடிய விடிய ஓட்டுவார்கள். நான் சொந்தமாக வாங்கியதை மைத்துனர்கள் ஊதாரித்தனம் என்றார்கள். சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள்.

தொலைக்காட்சியில் வந்த படங்களைப் பதிவு செய்தேன். கேபிள் வந்து வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடியபோது மிச்சமிருந்த கேசட்டுகளை மூட்டையாக வாங்கினேன். பிறகு சிடி வந்தது. அதன் பிறகு டிவிடி. வேங்கிக்காலில் வீடு கட்டியபோது அனுமதி பெற்ற வரைபடத்தில் பின்னறை படுக்கை அறை என்று குறிக்கப்பட்டிருந்தது. கட்டி முடித்த நாளிலிருந்து அதில் யாரும் படுத்ததில்லை. ஜன்னலை மறைத்து நான்கு இரும்பு அலமாரிகள் நின்றன. பதிவறைப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றபின், அலுவலகத்துக்குப் போவது போல ஒன்பதரைக்கு அந்த அறைக்குள் போய்விடுவேன்.

2008இல் ஒருநாள் சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். கல்யாணமாகி அங்கே இருந்தவள், முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். என் மனைவி போனை வைத்தாள், சாமிக்கு விளக்கேற்றினாள், நேராகப் பின்னறை வாசலில் போய் நின்றாள்.

"தலைப் பிரசவம் நம்ம வீட்லதான். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சதும் கூட்டிட்டு வந்துடணும். இந்த ரூம் காலியாவணும்."

"மாடியில ஒரு ரூம் சும்மாத்தான கிடக்குது?"

"புள்ளத்தாச்சி மாடி ஏறுவாளா? உங்க கேசட்டு ஏறட்டும்."

"மேல வெயில் ஜாஸ்தி. கேசட் உருகிடும்."

"அப்போ ரொம்ப யோசிக்காதீங்க. பழைய இரும்புக்காரன் வாரா வாரம் வரான்."

ஆக, பிரச்சினை தெளிவாக இருந்தது. ஏழாம் மாதத்துக்குள் அந்த அறை முழுவதும் ஓர் அலமாரித் தட்டில் அடங்க வேண்டும். அடங்காதது இரும்புக்காரன் வண்டியில் போகும்.

வழி ஒரு கணினிப் பத்திரிகையில் கிடைத்தது. ஒரே பெட்டியில் நான்கு ஹார்டு டிஸ்க்குகளைப் போட்டு, படங்களை எல்லாம் அதில் ஏற்றிவிட்டால், வீட்டின் எந்த அறையிலிருந்தும் வயர் வழியாகப் பார்க்கலாம். வீட்டு சர்வர் என்று அதற்குப் பெயர். தேரடி வீதிப் பக்கம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் கடை ஒன்றை ஒரு நடுவயதுப் பெண் நடத்திவந்தார். அவரிடம் போய், அலுவலகத்தில் சாமான் வாங்கும் முறைப்படி மூன்று விலைப்புள்ளிகள் தேவைப்படும் என்றேன்.

"எதுக்கு சார் வெயில்ல கடை கடையா அலையறீங்க? மூணு கொட்டேஷனும் நானே தரேன், வேற வேற லெட்டர்பேடுல. எது கம்மியோ அத எடுத்துக்குங்க."

"அதுக்குப் பேரு வேறம்மா."

"சரி, அலைங்க. பௌர்ணமி அன்னிக்கு மட்டும் வராதீங்க. மலை சுத்த வர்றவங்க செருப்பு பூரா நம்ம வாசப்படியிலதான். நானே தாண்டித்தான் உள்ள போவேன்."

அலைந்தேன். கடைசியில் அவரிடமே வாங்கினேன். நீல விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டி ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார். கறுப்புத் தகரப் பெட்டி போதும் என்றேன். டிஸ்க்குகளைத் திருகி மாட்டிக்கொண்டே, "இவ்ளோ இடத்துல என்ன சார் போடப் போறீங்க?" என்றார்.

"சினிமா."

"அத்தனையும் பாத்துடுவீங்களா?"

"பதிவறையில இருக்கற கோப்பை எல்லாம் யாரும் படிக்கறாங்களா? இருக்கணும், அவ்வளவுதான்."

அவர் திருப்புளியை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தார். அப்புறம் அடுத்த டிஸ்க்கை எடுத்தார்.

பெட்டியைக் கூடத்து அலமாரியில் வைத்தேன். மலைப்பாறை பகலில் வாங்கிய சூட்டை மாலையில் ஊருக்குத் திருப்பித் தரும் இடத்தில், டிஸ்க்குகளைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது பெரிய பாடு. அலமாரிக் கதவை அறுத்துக் கம்பிவலை அடித்தேன். கோழிக்கூண்டு என்றாள் மனைவி. உள்ளே இருந்த நான்கில் இரண்டு டிஸ்க்குகள் ஜோடி. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாக எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். மீதி இரண்டும் தனியாட்கள்.

அப்படியென்றால் எந்தப் படத்துக்கு இரட்டைப் பாதுகாப்பு, எதற்கு ஒற்றை, எதற்கு ஒன்றுமே இல்லை? இந்தக் கேள்விக்கு வேறு யாராக இருந்தாலும் திணறியிருப்பார்கள். நான் முப்பது வருடம் இதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். ஒரு கோப்பு முடிந்ததும் அதை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று வகைப்படுத்துவோம்: நிரந்தரம், பத்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு. அதையே படங்களுக்கும் விதித்தேன். நிரந்தரம் ஜோடி டிஸ்க்கில். பத்தாண்டும் மூன்றாண்டும் ஒற்றை டிஸ்க்கில், வரிசைப்படி. ஓராண்டு ஏறவே ஏறாது. பெயரிடும் விதி எழுதினேன், எண் இடும் விதி எழுதினேன், ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் வகையைக் குறித்துச் சீட்டு ஒட்டினேன். இதெல்லாம் முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை ஒரு படமும் ஏறவில்லை.

மனைவி வாசலில் நின்று சீட்டுகளைப் படித்தாள். "ஏங்க, படத்தக் காப்பி பண்றீங்களா, படத்துக்கு ஆபீஸ் கட்றீங்களா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

"அது வயித்துல இருக்கற கொழந்தைக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு வளந்துட்டிருக்கு."

ஏற்ற ஆரம்பித்தபின்தான் அவள் சொன்னதன் முழு அர்த்தம் விளங்கியது. சிடியும் டிவிடியும் சொன்னபடி கேட்டன. கேசட் கேட்காது. இரண்டரை மணி நேரப் படம் பெட்டிக்குள் போக டெக்கில் இரண்டரை மணி நேரம் ஓடியே ஆக வேண்டும்; 'அவசரம்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டி அனுப்ப முடியாது. பாதி கேசட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் போட்டாலும் நடுவில் நாடா சிக்கும், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

ஓடுவதால் பார்க்க வேண்டியிருந்தது. பல வருடங்களாக என்னிடம் இருந்த படங்களில் பெரும்பாலானவற்றை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். இரண்டாம் வாரம் மனைவி முருங்கைக்கீரையோடு வந்து அறை வாசலில் உட்கார்ந்தாள். "கீரை ஆயத்தான் வந்தேன்" என்று யாரும் கேட்காமலேயே சொன்னாள். மறுநாள் கீரை இல்லாமல் வந்தாள். நான்காம் நாள், பசிக்கிறது என்று நான் எழுந்தபோது, "இருங்க, அந்தத் தம்பிக்காரன் என்ன ஆனான்னு தெரியட்டும், அப்புறம் சோறு போடறேன்" என்றாள்.

பிறகு வகைப்பாட்டில் தலையிட ஆரம்பித்தாள். ஓராண்டு என்று நான் ஒட்டியிருந்த ஓர் அசட்டுச் சிரிப்புப் படத்தை எடுத்துப் போடச் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, அதை நிரந்தரத்துக்கு மாற்றுங்கள் என்றாள்.

"என்ன காரணம்னு எழுதறது?"

"சிரிச்சதுக்குக் கூடக் காரணம் எழுதணுமா?"

மாற்றினேன். காரணம் என்ற இடத்தில் 'மேலிடத்து உத்தரவு' என்று எழுதிக்கொண்டேன். இப்படி மேலிடம் குறுக்கிட்டதில் வேலை இன்னும் மெதுவானது. எனக்கு அது ஒன்றும் குறையாகப் படவில்லை. ஏழாம் மாதத்துக்குத்தான் நாள் இருந்ததே.

ஆறாம் மாதம் ஆரம்பத்தில் மருமகன் போன் செய்தார். டாக்டர் முழு ஓய்வு சொல்லிவிட்டாராம். படுத்தபடியே இருக்க வேண்டும். அவர் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வளைகாப்பை அங்கேயே படுக்கையருகே சுருக்கமாக முடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை காரில் மெதுவாக அழைத்து வருகிறேன் என்றார். அன்று புதன். கால நீட்டிப்புக் கேட்டே பழகியவன் நான். கெடுவைச் சுருக்கி எனக்கு வந்த உத்தரவு அது ஒன்றுதான்.

நிரந்தரம் முழுவதும் ஏறியிருந்தது. பத்தாண்டில் பாதி. மூன்றாண்டில் ஒரு கேசட்டும் தொடப்படவில்லை. விதி எழுதிய அந்த ஒரு மாதம் கையில் இருந்திருந்தால் நிறைய ஏறியிருக்கும். இதை மனைவி சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் வேறு சொன்னாள்.

"மிச்சத்த மாடியில தார்ப்பாய் போட்டு மூடி வெக்கலாம்ங்க. கொழந்த பொறந்தப்புறம் ஒவ்வொண்ணாப் போட்டுக்கலாம்."

இரும்புக்காரனைக் கூப்பிட நின்றவள் அவள்தான். நான்தான் வேண்டாம் என்றேன். 'தற்காலிகமாக' வராந்தாவுக்குப் போன கோப்புகள் என்ன ஆகும் என்பதை என் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். மழை ஒரு பக்கம் தின்னும், கறையான் ஒரு பக்கம் தின்னும். ஆனாலும் இருக்கிறது என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மாடி வெயிலில் அவை இரண்டு மாதம் தாங்காது. பூஞ்சை பிடித்த கேசட்டுகளை ஒரு கர்ப்பிணி இருக்கும் வீட்டில் வைத்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை.

"போகட்டும்" என்றேன்.

"நெஜமாவா?"

"போகட்டும்னுதான சொன்னேன்?"

இரும்புக்காரர் கேசட் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "சார், இது இரும்பும் இல்ல, பேப்பரும் இல்ல. சும்மா குடுத்தாலும் வண்டியில எனக்கு எடம்தான் போவும்." அலமாரிகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றபிறகுதான் இறங்கிவந்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். நிற்கவில்லை. ஜன்னலைப் பல வருடம் கழித்துத் திறக்க வேண்டியிருந்தது, துருப்பிடித்த கொக்கியோடு அது மல்லுக்கு நின்றது.

வெள்ளிக்கிழமை மகள் வந்தாள். குழந்தை பிறகு நல்லபடியாகப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இண்டர்வெல்லுக்கு அப்புறம் வரை இழுக்க வேண்டாம். கூடத்துப் பெட்டியிலிருந்து அறைக்கு வயர் இழுத்து அவளுடைய லேப்டாப்பில் செருகினேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி அவள் நிரந்தர வகையைக் கண்டபடி கலைத்துப் பார்த்தாள். எண் இடும் விதியை விளக்க முயன்றேன். "சரிப்பா, சரிப்பா" என்றாள்.

ஒரு மத்தியானம் கூப்பிட்டாள். "அப்பா, அந்த ரயில்வே கேட் படம் எங்கப்பா? எனக்கு அம்மை போட்டப்ப தெனம் பாத்தனே, கேட்காரரும் அவர் ரெண்டு பொண்ணும் வருமே, அது."

எனக்கு உடனே நினைவு வந்தது. சீட்டின் நிறம்கூட.

"அது ஏறலைம்மா."

"ஏன்?"

"மூன்றாண்டு வகை."

 அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எல்லாம் இருக்கு, அது மட்டும் இல்ல" என்றாள், என்னிடம் சொல்வதாக அல்லாமல்.

கட்டில் காலடியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவி முறத்தை ஒதுக்கிவைத்தாள். "அந்தக் கதை என்ன பெரிய கதை? நான் சொல்றேன் கேளு. ஊருக்கு வெளிய ஒரு கேட்டு. கேட்காரனுக்குப் பொண்டாட்டி கெடையாது, ரெண்டு பொண்ணு..."

அந்த நேரம் பார்த்து மின்வெட்டு. இன்வெர்ட்டரில் மின்விசிறி சுற்றியது. கூடத்துப் பெட்டிக்கு அதில் இணைப்பு இல்லை; சில நிமிடமே தாங்கும் அதன் யுபிஎஸ் பேட்டரி கீச்சிட்டது. போய்ப் பெட்டியை முறைப்படி நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தபோது கதையில் வெள்ளம் வந்திருந்தது.

"வெள்ளம் வேற படத்துல" என்றேன்.

"அப்பா, குறுக்க பேசாதீங்க. அம்மா, தண்ணி எவ்ளோ ஏறுச்சு?"

"இடுப்பளவு. மாப்ள வீட்டுக்காரங்க வண்டி கேட்டுக்கு அந்தாண்ட நிக்குது. பெரிய பொண்ணு இந்தாண்ட நிக்குது. ரயில் வர நேரம். கேட்டத் தொறன்னு அல்லாரும் கத்தறாங்க. இவன் தொறந்துடறான்."

மகள் தலையைத் தூக்கினாள். "தொறந்துட்டானா? எனக்கு ஞாபகம் இல்லியே. நெஜமாவாப்பா?"

படத்தில் அவன் திறக்க மாட்டான். ரயில் கடந்து போகும்வரை விதிப்படி மூடியே வைத்திருப்பான். வண்டி திரும்பிப் போய்விடும். அந்தக் கடைசிக் காட்சி எனக்கு வசனத்தோடு தெரியும். அதைச் சரிபார்க்க இந்த வீட்டில் இப்போது எந்தக் கேசட்டும் இல்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொறந்துடுவான்" என்றேன்.

"பாத்தியா, உங்கப்பாவே சொல்லிட்டாரு" என்று மனைவி முறத்தை மறுபடி மடியில் இழுத்துக்கொண்டாள். "அப்புறம் கேளு, ரயிலு வந்துச்சா..."