முத்திரை குத்திய கடதாசியின் பின்பக்கம்

அர்க்காதி உதைத்த பந்து ஒருமுறை வோல்கா ஆற்றைக் கடந்துபோய், அக்கரையில் பால் கறந்துகொண்டிருந்த ஒருத்தியின் வாளிக்குள் விழுந்தது என்று மொன்றியலின் சென்ட் லோரன்டில் சொல்லிக்கொள்வார்கள். அந்த இடத்தில் ஆறு இரண்டு கிலோமீற்றர் அகலம். நம்பாதவர்கள் அர்க்காதியையே கேட்டுப் பார்க்கலாம். "வாளிக்குள்ள இல்லை, பக்கத்தில" என்று அடக்கமாகத் திருத்துவார்.

மற்றபடி பொய் பேசாத மனிதர். பதினொரு வருடம் ரஷ்யாவில் ஒரு பால்பேரிங் தொழிற்சாலையின் உதைபந்தாட்ட அணிக்கு நடுக்களத்தில் நின்று விளையாடினார். போட்ட கோல் எல்லாமாக ஆறு. "ஆறுதானோ கோச்?" என்று பெடியள் சிரித்தால், "நான் தபால்காரன். எனக்கு நானே கடிதம் போடுறதோ?" என்பார். மாசி மாதக் குளிரில் அந்த ஊர்ப் பந்து கல்லாய் இறுகிவிடுமாம். அதைத் தலையால் முட்டினால் பள்ளம் விழுவது பந்தில்தானாம்.

தலை உறுதியாக இருந்தாலும் முழங்கால் முப்பத்திரண்டு வயதில் கைவிட்டுவிட்டது. அதே அணிக்குப் பயிற்றுநராக்கினார்கள். அர்க்காதி ஒரேயொரு சட்டம் போட்டார்: வியாழக்கிழமை பயிற்சிக்கு வராதவன் ஞாயிற்றுக்கிழமை விளையாட முடியாது. ஏழு வாரம் சட்டம் நன்றாக நடந்தது. எட்டாவது வாரம் தொழிற்சாலை அதிபரின் தங்கை மகன் வியாழனன்று மீன் பிடிக்கப் போய்விட்டான். ஞாயிறு அவனை மைதான ஓரத்து வாங்கில் இருத்தினார். திங்கள் காலை கடிதம் வந்தது. அர்க்காதி அதை ஒரு வரி விடாமல் வாசித்தார், காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார், மேசை லாச்சியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், எத்தனையோ நாடு தாண்டியும் அவர் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது வேலை போனதல்ல. ஒரு கடதாசி "போ" என்றதும், சொல்கேட்ட பிள்ளைபோல எழும்பிப் போனேனே என்பதுதான். அந்தக் கடிதத்தை வாசித்ததே பிழை என்று மனைவி லூடாவிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

மொன்றியலுக்கு வந்து சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டினார். அங்கே பக்கிங் பகுதியில் மேற்பார்வையாளர் நீக்கிலாப்பிள்ளை. சாப்பாட்டு நேரத்தில் நீக்கிலாப்பிள்ளையின் ஆட்கள் கார் தரிப்பிடத்தில் பந்தடிப்பார்கள். பந்து யார் காலுக்கு வந்ததோ அவனே கோல்வரை கொண்டு ஓடுவான். மற்றவர்கள் அவனைத் திட்டிக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். அர்க்காதி மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் சான்ட்விச்சை ஒரு காரின் மேல் வைத்துவிட்டு நடுவில் போய் நின்றார். ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்து பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்தில் நாலு கோல். சான்ட்விச்சைக் காகம் கொண்டுபோய்விட்டது. நீக்கிலாப்பிள்ளை தன் சோற்றுப் பார்சலைப் பாதியாகப் பிரித்து நீட்டினார்.

அன்றிலிருந்து ஒன்பது வருடமாக அர்க்காதி சிப்பித்துறை ஐக்கிய விளையாட்டுக் கழகத்தின் மொன்றியல் கிளைக்குக் கோச். சிப்பித்துறை யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊர். அங்கிருந்து வந்த எண்பது குடும்பத்துக்கு இங்கே இரண்டு சங்கமும் ஒரு கழகமும் உண்டு. கழகத்தின் தலைவர் நீக்கிலாப்பிள்ளை. செயலாளர் வின்சன்ட். கழகத்திடம் ஒழுங்கான பந்து மூன்றுதான். ஆனால் கடிதத்தாளைப் பார்த்தால் ஒரு நாட்டின் மந்திரிசபை என்று நினைப்பீர்கள். தலைப்பில் நங்கூரம், சங்கு, உதிக்கும் சூரியன், அடியில் தேத்தண்ணிச் சோசர் அளவு றப்பர் முத்திரை.

அந்த ஆடியில் வந்தது நீக்கிலாப்பிள்ளையின் தகப்பனார் செபஸ்தியாம்பிள்ளையின் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கான இறுதி ஆட்டம். சிப்பித்துறைக்கும் இன்னோர் ஊர்க் கழகமான ஆலங்கரைக்கும். இப்படியான ஆட்டங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மைதான ஓரத்தில் கூடாரம் போட்டு, காலமானவரின் படத்துக்கு மாலை சாத்தி, மெழுகுதிரி கொளுத்துவார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தன் அணியில் நிற்பான். செபஸ்தியாம்பிள்ளையின் பேரன், நீக்கிலாப்பிள்ளையின் மகன் டனிஸ்ரனுக்கு இருபத்துமூன்று வயது, பத்தாம் இலக்கச் சட்டை. உண்மையைச் சொன்னால் அணியிலேயே நல்ல நடுக்கள ஆட்டக்காரனும் அவன்தான். அர்க்காதியே செதுக்கிய கால்.

அந்தக் கால் வியாழக்கிழமை பயிற்சிக்கு வரவில்லை.

வெள்ளி மத்தியானம் கன்ரீனில் நீக்கிலாப்பிள்ளை எதிரே வந்து இருந்தார். "ஞாயிறு டனிஸ்ரன் முதலே இறங்குவான் என்ன?"

ஒன்பது வருடத்தில் அர்க்காதி பழகிய தமிழில் நேற்றும் நாளையும் ஒன்றுதான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லப் போதும். "டனிஸ்ரன் வியாழன் எங்கை?"

"ரொறன்ரோவில. மச்சான்காரன்ர கலியாணமெல்லோ. இவன்தான் மாப்பிள்ளைத் தோழன். கோட்டு அளவு பாக்கப் போனவன். நாளைக்குப் பின்னேரம் வந்திடுவான்."

"கோட்டு நல்லம். ஞாயிறு கோட்டு போட்டு வாங்கில இருக்கிறது."

"விசர்க்கதை கதையாதையும். அது என்ர அப்பாவின்ர கிண்ணம்! அவரின்ர படத்துக்கு முன்னால பேரன் வாங்கில குந்தியிருக்கிறதோ?"

"அப்பா பந்து விளையாடுறதோ?"

"நல்லாக் கேட்டீர்! சிப்பித்துறையின்ர சென்ரர் ஹாஃப். காய்ச்சலோடயும் பயிற்சிக்குப் போறவர்."

"அப்ப அவருக்கு விளங்கும்" என்று அர்க்காதி சூப்பைக் குடித்தார்.

சனிக்கிழமை பகல் லவாலில் நீக்கிலாப்பிள்ளை வீட்டு நிலக்கீழ் அறையில் நிர்வாகக் குழு கூடியது. ஏழு பேர், ஒரு தட்டு பொரித்த பற்றிஸ். தட்டு முடிவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது: கோச்சை நிற்பாட்டுவது. பற்றிஸ் கொண்டுவந்த நீக்கிலாப்பிள்ளையின் மனைவி றோசா, "ஒன்பது வருசமா அந்த மனிசன் கொட்டுற சினோவுக்க நிண்டு உங்கட பிள்ளையளை ஓட வைச்சது. இதுதானோ கைமாறு?" என்று கேட்டா. "இஞ்சரும், நீர் மேல போம்" என்றார் நீக்கிலாப்பிள்ளை. மனுசி மேலே போகும்போது மிச்சப் பற்றிஸையும் எடுத்துக்கொண்டு போய்விட்டா.

வின்சன்ட் கடிதம் எழுத இருந்தார். நாற்பது வருடமாக ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி எழுதிய கை. "பெருமதிப்புக்குரிய ஐயா, தங்களது அளப்பரிய அரும்பணியை நெஞ்சார நினைவுகூரும் அதேவேளை…" என்று தொடங்கி, அழகான தமிழில் ஒரு பக்கம் நிறைத்து, கடைசி வரியில் ஆளை நீக்கியிருந்தார். தலைவர் கையெழுத்து வைத்தார். முத்திரை விழுந்தது. கடிதம் போகப்போவது ஒரு ரஷ்யனுக்கு என்பது ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கழகக் கடிதம் என்றால் தமிழில்தான் இருக்கும். வேறு எப்படி இருக்கும்?

பின்னேரம் வின்சன்ட் அர்க்காதியின் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறிப்போய்க் கடிதத்தை நீட்டினார். லூடா தேநீர் ஊற்றப் போக, "வேண்டாம், வேண்டாம், வாறன்" என்று படியில் இறங்கிவிட்டார். வின்சன்ட் தேத்தண்ணியை மறுத்ததை மொன்றியலில் அதுவரை யாரும் கண்டதில்லை. அர்க்காதிக்கு அதுவே போதும். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று வாசிக்காமலே தெரிந்துவிட்டது.

"என்ன அது?" என்றாள் லூடா.

"தெரியாது. எழுத்து வடிவாக இருக்கிறது."

"யாரிடமாவது கொடுத்து வாசிப்பிக்கலாமே."

"ஒருமுறை வாசித்தது போதும்" என்றார். கடிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் பால்போல வெறுமை. நல்ல தடித்த தாள். சுற்றுப்போட்டி விதி அவருக்கு மனப்பாடம்: ஆட்டக்காரர் பட்டியல் கழகத்தின் கடிதத்தாளில், தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் இட்டு வர வேண்டும். எந்தப் பக்கத்தில் என்று விதியில் இல்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினொரு பெயரையும் வாங்கில் இருக்கப்போகும் ஐந்து பெயரையும் பெரிய எழுத்தில் எழுதினார்.

ஞாயிறு ஆட்டம் ஒன்பது மணிக்கு என்று நோட்டீசில் இருந்தது. ஆகவே கழகத்தார் பத்தேகாலுக்கு வந்தார்கள். நீக்கிலாப்பிள்ளை புதுப் பட்டியலோடு கூடாரத்துக்குப் போனார். மேசையில் இருந்தவன் ஜெராட், இங்கேயே பிறந்து வளர்ந்த பெடியன், சுற்றுப்போட்டியின் பொறுப்பாளன்.

"உங்கட லிஸ்ட் எட்டேகாலுக்கே வந்திட்டுது அங்கிள்."

"ஆர் தந்தது?"

"உங்கட கோச். பாருங்கோ, உங்கட கையெழுத்து, உங்கட சீல். ஒரு கழகத்துக்கு ஒரு லிஸ்ட்தான், முதல் வந்ததைத்தான் எடுப்பம்." தாளை அப்படியும் இப்படியும் திருப்பினான். "மற்றப் பக்கத்தில என்னவோ நீளமா இருக்கு. எனக்குத் தமிழ் அவ்வளவு ஓடாது. மைக்கில ஆரையாவது வாசிக்கச் சொல்லவோ?"

நீக்கிலாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். மடக்குக் கதிரைகளில் இருநூறு பேர். மாலைக்குள் அப்பா. "வேண்டாம்! அது… அது வாழ்த்து."

"வாழ்த்தெண்டால் வாசிக்கத்தானே வேணும்?"

"வேண்டாம் எண்டுறன்!"

அவர் போன வேகத்தில் கூடாரக் கயிறு தடுக்கிற்று. அர்க்காதி பெடியளின் சப்பாத்துக் கயிறுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உமக்கு நேற்றுக் கடிதம் வந்ததெல்லோ?"

"வந்தது. தமிழ். நான் வாசிக்கிறது இல்லை."

"அதில உம்மை நிப்பாட்டியிருக்கு!"

"அப்பிடியோ? நல்ல கடதாசி அண்ணை. மை ஊறேல்லை."

"சரி, இப்ப வாயால சொல்லுறன்…"

"இப்ப மேட்ச். பேந்து சொல்லு." களஞ்சியத்தில் எந்த வேலை சொன்னாலும் அவருக்குக் கிடைத்த பதில் அந்தப் 'பேந்து'தான், பிறகு பார்ப்போம் என்பதுதான். ஒன்பது வருடம் வாங்கி வைத்திருந்ததை அன்றைக்குத் திருப்பிக் கொடுத்தார்.

அப்பப்பாவின் படத்துக்கு முன்னால் டனிஸ்ரன் பந்தை ஒருமுறை தொட்டு ஆட்டத்தைத் தொடக்கிவைத்தான். வழக்கம் வழக்கம்தான், அதை அர்க்காதி தடுக்கவில்லை. பிறகு விரலால் வாங்கைக் காட்டினார். அவன் காது சிவக்க வந்து இருந்தான். கதிரைகள் முணுமுணுத்தன.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியப் பதினைந்து நிமிடம் இருக்கையில் நடுக்களத்தில் பிருந்தனுக்குக் கால் பிடித்துவிட்டது. "டனிஸ்ரன்! டனிஸ்ரன்!" என்று இருநூறு வாயும் கத்தின. பின்னாலிருந்து நீக்கிலாப்பிள்ளையின் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. "கோச், இப்பவாவது அவனை இறக்கும்."

அர்க்காதி வாங்கைப் பார்த்தார். இவனை இறக்கினால் வெல்லலாம். அது அவருக்குத் தெரியும், அங்கே நின்ற நாய்க்கும் தெரியும். டனிஸ்ரன் எழும்பி, "கோச்?" என்றான்.

"வியாழன்" என்றார் அர்க்காதி. "விதுர்சன், இறங்கு."

விதுர்சன் மழையிலும் பனியிலும் ஒரு வியாழன் தவறாதவன். ஒரு ஞாயிறும் விளையாடாதவன். அவனுக்கே நம்ப முடியவில்லை. இறங்கினான், உயிரைக் கொடுத்து ஓடினான், எட்டாவது நிமிடத்தில் நடுக்களத்தில் பந்தைப் பறிகொடுத்தான். ஆலங்கரை கோல் அடித்தது. இரண்டுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்தது.

அப்பாவின் கிண்ணத்தை நீக்கிலாப்பிள்ளை தன் கையாலேயே ஆலங்கரைக்காரரிடம் தூக்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கொடுத்துவிட்டு நேரே வந்தார். "சந்தோசமோ? இண்டையோட சரி."

"வியாழன் ஆறு மணி" என்றார் அர்க்காதி. தலை குனியவில்லை. குரலும் இறங்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் கன்ரீனில் அவர் மேசையில் யாரும் இருக்கவில்லை. சூப்பைத் தனியே குடித்தார். வியாழன் பின்னேரம் மூன்று பந்துகளையும் கூம்புகளையும் பையில் கட்டி பஸ் ஏறினார். பார்க்கில் கூம்புகளை நட்டார். ஆறு மணிக்கு ஒருவரும் இல்லை. ஆறு ஐந்துக்கும் இல்லை. ஒருவருமே வராவிட்டால் தானே கூம்புகளைச் சுற்றி ஓடுவது என்று முடிவெடுத்து, காற்சட்டையை மடித்தும் விட்டார். அப்போது விதுர்சன் வந்தான். கண்ணைப் பார்க்காமல் ஓடத் தொடங்கினான். பிறகு பிருந்தன், நொண்டிக்கொண்டு. பிறகு இரண்டிரண்டாக மற்றவர்கள். கடைசியாக ஒரு கார். டனிஸ்ரன் இறங்கி ஓட்டத்தில் சேர்ந்தான். அவனுக்குப் பின்னால் தகப்பன், கையில் உறையோடு.

"இது பிரெஞ்சில. வின்சன்ட்டின்ர மகள் ஜென்சி எழுதினது. இனி வாசிக்கத் தெரியாதெண்டு சொல்லேலாது."

அர்க்காதி கண்ணாடியைப் போட்டார். இந்தமுறை ஒரு வரி விடாமல் அடி முத்திரைவரை வாசித்தார். ரஷ்யாவில் அந்தத் திங்களன்று போலவே. "வாசிக்கிறது முடிஞ்சுது."

"அப்ப?"

கடிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமை. "லவாலில அடுத்த மேட்ச் எப்ப அண்ணை?"

"வாற ஞாயிறு" என்ற பிறகுதான் நீக்கிலாப்பிள்ளை நாக்கைக் கடித்தார்.

"கோச், நான் எத்தினை சுற்று?" என்று மைதானத்திலிருந்து டனிஸ்ரன் கேட்டான்.

"மற்றவை ஐஞ்சு. நீ பத்து."

அவன் முகத்தைச் சுளிக்காமல் ஓடினான். பத்தாம் இலக்கம் மூச்சிரைக்க ஓடுவதை நீக்கிலாப்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றார். காய்ச்சலோடு பயிற்சிக்குப் போன ஒரு சென்ரர் ஹாஃப்பை நினைத்தாரோ என்னவோ. பக்கத்தில் ஒரு கை நீண்டது.

"பேனை" என்றார் அர்க்காதி.

யோசிக்க முந்தியே நீக்கிலாப்பிள்ளையின் விரல்கள் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்துக் கொடுத்துவிட்டன. இரண்டு கடிதத்திலும் கையெழுத்து வைத்த அதே பேனை. அர்க்காதி முழங்காலில் தாளை வைத்து எழுதினார். தலைவர் எட்டிப் பார்த்தார்.

"விதுர்சனோ! அவனெல்லோ பந்தைப் பறிகுடுத்தவன்?"

"ஓம். இண்டைக்கு முதல் வாறதும் அவன்" என்ற அர்க்காதி, இரண்டாவது பெயரை எழுதக் குனிந்தார்.